பட்டியலில் இல்லாதவரிலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் சுகாதார ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் அவற்றின் கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. சுகாதார ஆய்வொன்றுக்கு முதன்முறையாகப் புறப்படும் மருத்துவ மாணவரோ, தொண்டு நிறுவனப் பணியாளரோ, புலம்பெயர் நாட்டிலிருந்து வந்து ஊருக்கு ஏதாவது செய்ய விரும்பும் இளைஞரோ பெரும்பாலும் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்து, அதிலிருந்து சில பிரிவுகளைக் குலுக்கல் முறையில் தெரிந்து, வினாக்கொத்தை அச்சிட்டு, வீடு வீடாகப் போகத் தொடங்குவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆய்வு முடிந்து எண்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான், யாருடைய நோயை அறியப் போனேனோ அவர்களில் பலரை நான் சந்திக்கவே இல்லை என்பது தெரிந்தது. நான் போன நேரத்தில் அவர்கள் கடலிலோ பனையிலோ தோட்டத்திலோ நின்றார்கள். சிலருடைய வீடு என் பட்டியலிலேயே இருக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்தும் அதன் பின் கற்றவற்றிலிருந்தும், வசதி குறைந்த, ஒதுக்கப்பட்ட மக்களிடையே ஆய்வு செய்ய வருவோர் வேலையை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சராசரிக்குப் பின்னால் இருப்பதைக் கேள்வியாக்குங்கள்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 1951 முதல் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. தாய், சேய் மரண வீதங்களைக் குறைத்ததில் தெற்காசியாவிலேயே முன்னணியில் நிற்கும் நாடுகளில் இதுவும் ஒன்று. இந்தப் பெருமை உண்மையானது, குடும்பநல உத்தியோகத்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்து ஈட்டியது. ஆயினும் இலவசமான கிளினிக்குக்குப் போய்வரச் செலவு உண்டு. நெடுந்தீவிலிருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்தில் விசேட வைத்திய நிபுணரைப் பார்க்க வேண்டுமானால், குறிகாட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம், அங்கிருந்து பஸ், வைத்தியசாலையில் வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை, பின்னர் கடைசிப் படகு போய்விடுமோ என்ற பதற்றம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். துணைக்கு ஒருவர் வந்தால் இருவரின் நாட்கூலியும் போய்விடும். சோளகம் பலமாக வீசும் நாட்களில் படகே ஓடாது.

வேல்ஸ் பகுதியின் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971 இல் இந்த முரணுக்கு ஒரு பெயர் வைத்தார்: தலைகீழ்ப் பராமரிப்பு விதி. நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பதே அதன் சாரம். எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதைச் சமத்துவம் என்கிறோம். தவிர்க்கக்கூடியதும் அநீதியானதுமான வேறுபாட்டைக் கண்டு நீக்குவதை ஒப்புரவு என்கிறோம். உங்கள் ஆய்வு இரண்டாவதைப் பற்றியதானால், 'இந்தப் பிரதேசத்தில் எத்தனை பேருக்கு நீரிழிவு' என்ற கேள்வியோடு நிற்க முடியாது. 'நீரிழிவு உள்ளவர்களில் யாருக்குத் தொடர்ச்சியாக மருந்து கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, ஏன்' என்று கேட்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம அலுவலர் பிரிவில் நீரிழிவு உள்ளவர்கள் 120 பேர். அவர்களில் 100 பேர் ஊரின் நடுப்பகுதியிலும் 20 பேர் ஊரின் ஓரத்திலுள்ள ஒரு குடியிருப்பிலும் வாழ்கிறார்கள். நடுப்பகுதியில் 90 பேரும் குடியிருப்பில் 6 பேரும் ஒழுங்காகக் கிளினிக்குக்குப் போகிறார்கள். மொத்தமாக எழுதினால் 120 இல் 96, அதாவது 80 வீதம். அறிக்கையைப் படிக்கும் எவரும் திருப்தியடைவார். பிரித்து எழுதினால் ஓரிடத்தில் 90 வீதம், மற்றதில் 30 வீதம். உங்கள் ஆய்வின் பொருளே அந்த இரண்டாவது எண்தான், அதைக் கண்டுபிடிக்கும் வகையில் ஆய்வை முதல் நாளிலேயே வடிவமைக்காவிட்டால் பின்னர் எந்தக் கணினி மென்பொருளாலும் அதை மீட்டெடுக்க முடியாது.

படிவம் இல்லாமல் இரண்டு வாரம் நடந்து திரியுங்கள்

வினாக்கொத்தை எழுதுவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது அந்த ஊரில் வெறுங்கையோடு திரியுங்கள். சனசமூக நிலையத்தில் காலையில் பத்திரிகை வாசிக்க வருபவர்களோடு பேசுங்கள். ஆனால் அங்கே வராதவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகிகளைச் சந்திப்பது அவசியம். எனினும் ஒரு சங்கத்தின் தலைவர் சொல்வதை ஊரே சொன்னதாக எடுத்துக்கொள்வது புதியவர்கள் வழக்கமாக விடும் பிழை.

இந்த நாட்களில் ஒரு குறிப்பேட்டில் மூன்று விடயங்களை மட்டும் எழுதிவாருங்கள். முதலாவது, எந்த வேலை செய்பவர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்பது. பனையில் கள் இறக்கும் சீவல் தொழிலாளர் காலையும் மாலையும் மரத்தில் இருப்பார். இரவுக் கடலுக்குப் போனவர் முற்பகலில் உறங்குவார். கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போகும் பெண்கள் பிற்பகலில்தான் திரும்புவார்கள். காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிவரை மட்டும் வேலை செய்யும் ஆய்வுக்குழு ஓய்வூதியக்காரரையும் உத்தியோகத்தர் வீட்டு முதியவரையும்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். இரண்டாவது, தண்ணீர். குடாநாட்டின் குடிநீர் நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே பெரிதும் நம்பியிருக்கிறது. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்து நைத்திரேற்று கிணறுகளுக்குள் இறங்குவது பல காலமாக அறியப்பட்ட சிக்கல், உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாருக்குச் சொந்தக் கிணறு உண்டு, யார் பொதுக் கிணற்றை நம்புகிறார், யார் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார் என்பதை வரைபடத்தில் குறித்தால், ஊரின் ஏற்றத்தாழ்வில் பாதி அந்த வரைபடத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவது, நாட்காட்டி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் பல வீடுகளின் வழக்கமான உணவும் நடமாட்டமும் மாறிவிடுகின்றன. நோன்பு மாதத்தில் முஸ்லிம் குடும்பங்களில் இரத்தச் சீனி அளவிடுவது பொருந்தாது. மாரியில் வெள்ளம் நின்றால் தாழ்நிலக் குடியிருப்புகளுக்குப் போகவே முடியாது. அப்போது அந்தக் குடியிருப்புகள்தான் உங்கள் தரவிலிருந்து விழுந்துபோகும்.

பட்டியலைச் சோதியுங்கள்

இந்தப் படியில் அதிக நேரம் செலவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். மாதிரி எடுப்பதற்கு வழக்கமாகக் கிடைப்பவை கிராம அலுவலரிடம் உள்ள குடும்பப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடுகள் ஆகியவை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக உருவானது, அந்தத் தேவைக்கு வெளியே இருப்பவரை அது காண்பதில்லை. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பிள்ளைபெறும் வயதுத் தம்பதியரையும் மையமாகக் கொண்டது. தனியே வாழும் கிழவியும் மணமாகாத நடுவயது ஆணும் அதில் இலகுவில் அகப்படமாட்டார்கள். வாக்காளர் இடாப்பில் 18 வயதுக்குக் குறைந்தவர் இல்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டவர் பெயர் இருக்கவும் கூடும்.

போரும் இடப்பெயர்வும் இந்தப் பட்டியல்களை மேலும் சிதைத்திருக்கின்றன. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பங்களில் சில, இராணுவத்தின் வசமிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பின்னரும், உறவினர் வளவிலோ பிறர் காணியிலோ தங்கியிருந்தன. அவர்களுடைய பதிவு ஓரிடத்திலும் அடுப்பு இன்னோரிடத்திலும் இருந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மீண்டவர்கள் பலர் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரு வீடு வைத்து வாழ்கிறார்கள். இவர்களை 'வெளியூரவர்' என்று மாதிரியிலிருந்து நீக்குவது எளிது. நீக்கினால், 1990 இல் நடந்த நீக்கத்தை உங்கள் அட்டவணை இன்னொரு முறை செய்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். தெரிவான ஒவ்வொரு பிரிவிலும் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, பட்டியலில் உள்ள வீட்டையும் நிலத்தில் உள்ள வீட்டையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேருங்கள். ஒரு வளவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள், ஏனெனில் வறிய குடும்பங்கள் பின்வளவில் தகரக் கொட்டிலில் இருப்பதுண்டு. எத்தனை வீடு விடுபட்டிருந்தது, அவை யாருடையவை என்பதை எழுதிவையுங்கள். அந்த எண்ணே உங்கள் ஆய்வின் முதற் கண்டுபிடிப்பு. அறிக்கையில் அதற்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள்.

மாதிரியின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடநூல் சூத்திரத்தில் பரவலை 50 வீதம் என்றும் ஏற்கத்தக்க வழுவை 5 வீதம் என்றும் நம்பிக்கை மட்டத்தை 95 வீதம் என்றும் இட்டால் 384 என்ற எண் வரும். பட்டப்படிப்பு ஆய்வுகளில் இந்த 384 ஒரு மந்திரம்போல் திரும்பத் திரும்ப வருகிறது. மாவட்டத்தின் பொதுவான நிலையை அறிய அது போதுமாக இருக்கலாம். ஆனால் மக்கள்தொகையில் 5 வீதமாக உள்ள ஒரு சமூகத்தின் 19 பேர்தான் அதில் வருவார்கள்; 19 பேரை வைத்து அந்தச் சமூகத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே மக்கள்தொகையை முதலில் படைகளாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, சிறிய படையிலிருந்து அதன் விகிதத்தைவிடக் கூடுதலானோரைத் தெரிந்து, பகுப்பாய்வின்போது ஒவ்வொரு படைக்கும் அதன் உண்மையான விகிதத்துக்கேற்ப நிறையிட்டுச் சமன்செய்யுங்கள். புள்ளிவிபரவியலாளர் ஒருவரின் உதவியைத் தரவு சேர்த்த பின்னரல்ல, இந்தக் கட்டத்தில் நாடுங்கள்.

அனுமதிகள்

மனிதரிடம் தகவல் சேர்க்கும் எந்த ஆய்வுக்கும், முதற்பேட்டிக்கு முன்பே, நெறிமுறை மீளாய்வுக் குழுவொன்றின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அத்தகைய குழு இயங்குகிறது. நிர்வாக அனுமதி வேறு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருவதால் அங்கே பணிப்பாளரிடம் கேட்க வேண்டும். பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாண நிர்வாகத்துக்கு உட்பட்டவை. மாகாண, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் ஊடாகப் போக வேண்டும். பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். இவற்றுக்கு மாதங்கள் செல்லலாம், அதற்கேற்ப நாளை ஒதுக்குங்கள். இதற்குமேல் இதில் விளக்க எதுவும் இல்லை.

வினாக்கொத்து எந்தத் தமிழில் பேசுகிறது?

தமிழிலுள்ள தரமான சுகாதார வினாக்கொத்துகள் பல தமிழ்நாட்டில் மொழிபெயர்க்கப்பட்டவை. அவற்றை அப்படியே கொண்டுவந்தால் 'மாத்திரை' என்ற சொல்லில் ஒரு தடுக்கல்; இங்கே அது குளிசை. 'சர்க்கரை நோய்' என்று கேட்டால் புரியும், ஆனால் சொல்பவர் வாயில் அது 'சீனி வருத்தம்' அல்லது 'சலரோகம்'. ஆஸ்துமா 'முட்டு' என்றும் உயர் குருதியமுக்கம் 'பிறசர்' என்றும் வழங்குகின்றன. சொல்லை மாற்றினால் விடையும் மாறும். 'உங்களுக்கு நோய் உண்டா' என்று கேட்டபோது இல்லையென்று தலையாட்டிய ஒரு முதியவர், 'என்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீங்கள்' என்று கேட்டதும் உள்ளே போய் ஒரு சொப்பிங் பை நிறைய மருந்தோடு திரும்பிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இது புதிய சிக்கலல்ல. 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்று முடிவெடுத்து, நூல்களைத் தமிழாக்குவதில் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். உடலின் துன்பத்தை நோயாளியின் சொல்லில் கேட்காத மருத்துவம் அரைகுறையானது என்பதை இந்த மண்ணில் அவர் அன்றே செய்துகாட்டினார்.

உளநலம் பற்றிய கேள்விகளில் இது மேலும் கூர்மையாகிறது. 'மனச்சோர்வு' என்ற சொல் ஆசிரியருக்கும் தாதிக்கும் தெரியும். கணவனையும் பிள்ளையையும் போரில் இழந்த ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார். 'ஒரே யோசனை', 'நெஞ்சு அடைக்கிறமாதிரி', 'நித்திரை இல்லை', 'உடம்பெல்லாம் உளைவு' என்பார், சில வேளை ஒரு பெருமூச்சோடு நிறுத்திவிடுவார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கத்தைத் தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்ட நிலையாகவும் பார்க்க வேண்டுமென்று எழுதியவர். உளநலத்தை ஆராய வருபவர் அவருடைய எழுத்துகளை முதலில் வாசிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பை இருவர் தனித்தனியே செய்து ஒப்பிட்டு, மூன்றாமவர் மூலமொழிக்கு மீளப் பெயர்த்துப் பார்ப்பது வழமை. அதோடு நின்றுவிடாமல், ஆய்வுக்கு வெளியே உள்ள பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டபின் 'இந்தக் கேள்வி எதைப் பற்றிக் கேட்கிறதென்று நினைக்கிறீங்கள்' என்று கேளுங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் வேறாக விளங்கிக்கொண்டால் கேள்வியைத் திருத்துங்கள். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்று கேட்கும்போது ஒரு பறுவத்தையோ கோயில் கொடியேற்றத்தையோ நினைவூட்டிக் கேட்டால் நாட்கணக்கு சரியாக வரும்.

குடும்ப விபரப் பக்கத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். அதிகம் காயப்படுத்தும் பக்கம் அதுவே. திருமண நிலைக்கு 'மணமானவர், மணமாகாதவர், விதவை, பிரிந்து வாழ்பவர்' என்று நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண், நெற்றியில் பொட்டோடு, அந்த நான்கையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். விதவை என்ற கட்டத்தில் அடையாளமிடுவது அவரைப் பொறுத்தவரை கணவரைத் தன் கையால் கொல்வதற்குச் சமம். அன்றிரவே அந்தக் கேள்வியை 'இப்போது உங்களோடு இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்' என்று மாற்றினேன். ஆய்வுக்கு உண்மையில் தேவைப்பட்டதும் அந்தத் தகவல்தான்.

வசதியை அளக்கும் கேள்விகளையும் இங்கத்தைய வாழ்வுக்கு ஏற்ப அமையுங்கள். மாத வருமானத்தை நேரே கேட்டால் சரியான விடை வராது. சொந்தக் காணி, சொந்தக் கிணறு, மலசலகூடத்தின் வகை, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவோர் இருக்கிறார்களா, கடந்த ஆண்டில் மருத்துவச் செலவுக்காக நகை அடைவு வைத்தார்களா, நுண்கடன் தவணை கட்டுகிறார்களா என்ற கேள்விகள் உண்மைக்கு அருகில் கொண்டுபோகும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான சமுர்த்தி முன்னர் கிடைத்ததா, அதற்குப் பதிலாக 2023 இல் தொடங்கிய அஸ்வெசும இப்போது கிடைக்கிறதா என்று கேட்கலாம். ஆனால் கிடைக்காதவரெல்லாம் வறியவரல்லர் என்று முடிவுகட்டாதீர்கள். விண்ணப்பிக்கத் தெரியாமல் விடுபட்டவர்தான் பெரும்பாலும் ஆக வறியவர்.

சம்மதம் கேட்பது

உலக மருத்துவச் சங்கம் 1964 இல் வெளியிட்டு அதன் பின் பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம், பங்கேற்பவர் விளங்கிக்கொண்டு, விரும்பினால் மட்டும், எந்நேரமும் விலகும் உரிமையோடு ஆய்வில் சேர வேண்டும் என்கிறது. தாளில் இது எளிது. நான் சம்மதப் படிவத்தின் இரண்டாவது பந்தியை வாசித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா பேனையை வாங்கிக்கொண்டு, 'பிள்ளை, எங்கை கையெழுத்து வைக்கிறது? வீட்டுத்திட்டத்துக்கோ?' என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். 'அது பரவாயில்லை, பேரைப் பதிஞ்சு விடுங்கோ' என்றார். பதிந்தால் எப்போதாவது எதாவது கிடைக்கலாம் என்ற நம்பிக்கையை இந்த மக்களிடம் பல ஆண்டு நிவாரணப் பதிவுகள் வளர்த்துவிட்டிருக்கின்றன. அந்தக் கையொப்பத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இப்போது படிவத்தின் முதல் வாக்கியமே இந்த ஆய்வால் வீடோ காசோ நிவாரணமோ கிடைக்காது என்பதுதான். வாசித்து முடித்தபின் 'நான் சொன்னதை உங்கள் வாயால் ஒருக்கால் சொல்லுங்கோ' என்று கேட்கிறேன்.

வேறு சிலருக்குக் கையொப்பமும் பெருவிரல் அடையாளமும் போர்க்காலப் பதிவுகளையும் விசாரணைகளையும் நினைவூட்டும். அவர்களிடம் சாட்சியொருவர் முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் பெறலாம். அதற்கான நியாயத்தை நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். கிராம அலுவலரோ குடும்பநல உத்தியோகத்தரோ வீட்டைக் காட்ட வரலாம், பேட்டியின்போது அருகில் நிற்கக் கூடாது. நாளை அவரிடம் ஒரு கடிதத்துக்காகப் போக வேண்டியவர் இன்று அவர் முன்னிலையில் 'மாட்டேன்' என்று சொல்லமாட்டார், சேவையின் குறையையும் சொல்லமாட்டார். நேர இழப்புக்கு ஈடாகப் பணம் கொடுப்பதானால் அரை நாட்கூலியை ஒட்டிக் கொடுங்கள். வறுமையால் மறுக்க முடியாத அளவுக்குக் கொடுப்பதும் தவறு, ஒன்றும் கொடாமல் இரண்டு மணி நேரத்தை எடுப்பதும் தவறு.

சாதியை எப்படி அறிவது

இலங்கைக் குடிசன மதிப்பு இனத்தையும் சமயத்தையும் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் சாதியால் வரும் சுகாதார ஏற்றத்தாழ்வுக்கு உத்தியோகபூர்வ எண் எதுவும் கிடையாது. எண் இல்லாததால் சிக்கலும் இல்லையென்று பேசுவோரை நிறையவே சந்திப்பீர்கள். தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் உரிமைக்காக 1960களில் இங்கே போராட்டங்கள் நடந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்த நுழைவுப் போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோடுகள் இன்று குடியிருப்புகளின் அமைவிடத்திலும் காணியின் அளவிலும் கிணற்றின் உரிமையிலும் தொடர்கின்றன.

வீட்டு வாசலில் நின்று 'நீங்கள் என்ன சாதி' என்று கேட்பது வன்முறை, அதைச் செய்யாதீர்கள். கேட்காமலே விட்டால் உண்மை மறைந்துவிடும். நான் பின்பற்றும் வழி இது: முதலில் அந்தச் சமூகத்தவரோடு பேசி, இந்த வேறுபாடு ஆராயப்பட வேண்டுமா, எப்படி என்று அவர்களே தீர்மானிக்க விடுகிறேன். அவர்கள் உடன்பட்டால், தனிமனிதருக்குப் பதிலாகக் குடியிருப்பை அலகாகக் கொண்டு, குடியிருப்புக்கு ஓர் இலக்கம் இட்டு, பெற்றோர் பாட்டன் செய்த தொழிலையும் காணி உரிமையையும் பதிகிறேன். வைத்தியசாலையில் மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டதுண்டா, அது எதனால் என்று நினைக்கிறார் என்பதைத் திறந்த கேள்வியாகக் கேட்கிறேன். பலர் அந்த இடத்தில் தாமாகவே சொல்வார்கள்.

ஆய்வுதவியாளரைத் தெரிவுசெய்யும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஒரு குடியிருப்பில் பேட்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என்னோடு வந்த உதவியாளர், 'வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்' என்றார். உண்மையாகவே குடித்துவிட்டு வந்திருக்கலாம். அந்தப் பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபின் எல்லாக் கேள்விக்கும் 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களில்தான் விடை வந்தது. இப்போது பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்: தரும் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும், தரும் கதிரையில் அல்லது பாயில் இருக்க வேண்டும். முடிந்தவரை அந்தச் சமூகத்திலிருந்தே உதவியாளர்களைத் தெரிந்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள்.

களத்தில் நோயைக் கண்டால்

குருதியமுக்கம் அளக்கும் கருவியோடு போனால் உயர்ந்த அமுக்கத்தைக் காண்பீர்கள். 140/90 ஐத் தாண்டியவருக்குக் கிளினிக்குக்கு எழுதிய துண்டு கொடுங்கள். 180/120 ஐத் தொட்டவரை, சற்று ஓய்வின் பின் மீண்டும் அளந்து உறுதிசெய்து, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப ஓட்டோச் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைப் பயன்படுத்தினால், அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஓம்' என்று ஒருவர் சொன்னபின் நன்றி சொல்லி எழும்பி வருவதற்கு உங்களுக்கு உரிமையில்லை. அந்த விடை வந்தால் யாரை அழைப்பது, எந்த உளநலப் பிரிவுக்கு யார் கூட்டிச்செல்வது என்பதை வைத்தியரோடு முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926, பெண்களுக்கான 1938, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஆகிய இலக்கங்கள் ஒவ்வோர் உதவியாளரின் பையிலும் இருக்கட்டும்.

சேர்த்ததைக் காப்பது

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. பெயரும் முகவரியும் ஒரு கோப்பில், விடைகள் இன்னொரு கோப்பில், இரண்டையும் இணைக்கும் இலக்கம் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். வீட்டின் படத்தையோ படிவத்தின் படத்தையோ வட்ஸ்அப்பில் அனுப்பத் தடை விதியுங்கள். அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் ஐந்துக்குக் குறைவானோர் வந்தால் அதை மற்றொன்றோடு சேருங்கள். சிறிய ஊரில் 'காசநோய் உள்ள, 40 வயதுடைய, சீவல் தொழில் செய்யும் ஆண்' என்றால் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும்.

ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

முடிவுகளை ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன் ஊருக்குக் கொண்டுபோங்கள். கூட்டத்தைச் சனசமூக நிலையத்தில் வைக்கலாமா என்பதை முதலில் விசாரியுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் ஓரத்துக் குடியிருப்பார் வருவதில்லையென்றால் குடியிருப்பிலேயே இன்னொரு கூட்டம் வையுங்கள். பாடசாலை விட்டு, சமையல் முடிந்து, மாலைச் சீவலுக்குப் போகுமுன் உள்ள நேரம் பொருத்தமானது. வீதங்களைத் திரையில் காட்டாமல், 'நூறு பேரில் இத்தனை பேர்' என்று சொல்லி, ஒரு பெரிய தாளில் பனங்கொட்டையையோ புளியங்கொட்டையையோ அடுக்கிக் காட்டுங்கள். ஒரு பக்கத்தில் 90 உம் மறுபக்கத்தில் 30 உம் இருப்பதைப் பார்ப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

அங்கே உங்களை மறுத்துப் பேசுவார்கள். ஒரு கூட்டத்தில், கிளினிக்குக்கு ஒழுங்காக வராததற்குக் காரணம் 'அறிவுக் குறைவு' என்று நான் எழுதியிருந்ததைக் கேட்ட ஒருவர் எழும்பி, கிளினிக் நாளும் மீன் ஏலம் கூறும் நேரமும் ஒன்றாக வருவதைச் சொன்னார். என் வினாக்கொத்தில் அதைக் கேட்கும் கேள்வியே இருக்கவில்லை. அந்தப் பந்தியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை ஒட்டி இருபது வீடுகளுக்குத் திரும்பவும் போய் விசாரித்து எழுதினேன். கிளினிக் நேரத்தைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கொடுத்தேன். அத்தகைய குறிப்பைக் கொடுக்கும்போது ஊரவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச வேண்டியதை அவர்களே பேசட்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் பெயர்களை, படுக்கையில் இருப்பவர், கடலுக்குப் போனவர், கைக்குழந்தைக்காரி என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, மறுநாள் அவர்கள் வீடுகளுக்குப் போய் அதே தாளை விரித்துக் காட்டுங்கள்.